புழுவ பாத்தா மொதல்ல கால எண்ணுங்க

இந்த மாசம் நீங்க அனுப்புன கேள்விப் பை நெறைய புழுதான். மழ புடிச்சு ஒரு மாசம் ஆச்சு இல்ல, பேராக்குல சுங்கை சிப்புட் பக்கம் தெனம் சாயங்காலம் நாலு மணிக்கு வானம் கறுத்துடுது, செடியெல்லாம் தளதளன்னு துளிர் விடுது, துளிர் விட்டா புழு வராம இருக்குமா. கடுதாசி, வாட்சாப் எல்லாம் சேத்து முக்காவாசி ஒரே கேள்விதான்: இது என்ன புழு, விஷமா, என்ன மருந்து அடிக்கிறது. ஆனா பாதி பேரு கலர மட்டும் எழுதி அனுப்புறீங்க. "பச்ச புழு, ரெண்டு இஞ்சி நீளம்"னா நான் என்னத்த சொல்றது, பச்ச புழு எத்தன கெடக்கு. ஒரு அண்ணன் அதுக்கும் மேல போயி புழுவையே செலோடேப்புல ஒட்டி தபால்ல அனுப்பிட்டாரு, அத கடைசியில பாப்போம்.

எஸ்டேட்டுல பூச்சி கணக்கு எடுக்குற வேலையில ரொம்ப வருசம் இருந்தவன் நான். அங்க எங்களுக்கு சொல்லிக்குடுத்தது, புழு தோல் உரிக்க உரிக்க கலர் மாறும், கால் மாறாது. நெஞ்சுகிட்ட மூணு ஜோடி குட்டி கால் இருந்து, பின்னால வயித்துலயும் சதை சதையா ரெண்டுலேர்ந்து அஞ்சு ஜோடி கால் இருந்தா பட்டாம்பூச்சி, இல்லாட்டி அந்துப்பூச்சி. முன்னால மூணு ஜோடி மட்டும்தான்னா பெரும்பாலும் வண்டு. காலே இல்ல ஆனா கெட்டியா பழுப்பு தலை இருக்குன்னா கூன்வண்டா இருக்கும். காலும் இல்ல தலையும் தெரியலன்னா ஈ. இதுக்கு அடங்காததும் உண்டு, அது வர்றப்ப சொல்றேன். இன்னொண்ணு, எந்த செடியில இருந்துச்சு, இல்ல மண்ணுலயா குப்பையிலயான்னு எழுதுங்க, அது இல்லாம போட்டோ மட்டும் வந்தா பேர் தெரியாத ஆளோட முதுக பாத்த மாதிரிதான் எனக்கு.

கேள்வி: அண்ணே வணக்கம். தமன் குடியிருப்புல வீட்டு வாசல்ல தொட்டியில ஒரு கருவேப்பில வச்சிருக்கேன், பசார் மாலாம்ல 8 வெள்ளி குடுத்து வாங்குனது. போன வாரம் எலை மேல காக்கா எச்சம் மாதிரி என்னமோ இருந்துச்சு, தண்ணி ஊத்தி கழுவலாம்னு போனா அது நகருது! இப்ப அதுல ரெண்டு பச்சையா ஆயிடுச்சு, குச்சியால தொட்டா தலைக்குள்ளேர்ந்து செவப்பா ரெண்டா பொளந்த நாக்கு நீட்டுது, ஒரே நாத்தம். பாம்பு நாக்குன்னு சொல்லி மாமியார் அந்த செடியிலேர்ந்து ஒரு எலை கூட ரசத்துல போட விட மாட்டேங்கிறாங்க.

பதில்: அது நாக்கே இல்ல தங்கச்சி. தலைக்கு பின்னால தோலுக்குள்ள மடிச்சு வச்சிருக்குற சதைக்கொம்பு, எறும்போ சிலந்தியோ கிட்ட வந்தா வெளிய நீட்டி நாத்தம் அடிக்கும், அதோட ஆயுதம் அவ்ளோதான், கடிக்காது, கொட்டாது, விஷமும் இல்ல. எலுமிச்ச பட்டாம்பூச்சியோட புழு, இல்ல அதோட பங்காளி, கறுப்பு ரெக்கையில வெள்ள புள்ளி வரிச போட்டு வால் வச்ச பட்டாம்பூச்சி இருக்கே, அதோட புழு. ரெண்டுக்குமே எலுமிச்ச, லிமாவ் பூருட், நார்த்தங்கா, கருவேப்பில இந்த வகைதான் சாப்பாடு. எல்லாம் ஒரே குடும்பத்து செடி, எலைய கசக்கி மோந்தாலே அந்த எண்ணெ வாசம் தெரியும். தாய் பட்டாம்பூச்சி மூக்கால மோக்காது, முன்னங்கால எலையில தட்டித் தட்டி ருசி பாத்து, சரியான செடிதான்னு தெரிஞ்சப்புறம்தான் முட்ட வைக்கும். உங்க வீட்டு கருவேப்பில அந்த பரிட்சையில பாஸ்னு அர்த்தம்.

எச்சமா இருந்ததும் பச்சையா ஆனதும் ஒரே ஆளுதான். முட்டையிலேர்ந்து வந்து கூடு கட்டுறதுக்குள்ள நாலு தடவ சட்ட மாத்தும், கடைசி தடவதான் பச்ச. சின்னதா இருக்குறப்ப எச்சம் மாதிரி வேசம் போட்டா குருவி தொடாது, எச்சத்த எந்த குருவி தின்னும். ஒன்றர இஞ்சி வளந்தப்புறம் அந்த வேசம் எடுபடாது பாருங்க, அவ்ளோ பெரிய எச்சத்துக்கு எங்க போறது, அதான் எலை கலருக்கு மாறிக்குது. இந்த பச்ச கட்டத்துலதான் அசுர தீனி திங்கும், தொட்டி செடிய ரெண்டு புழு சேந்தா மொட்டையடிச்சுடும். தெருவுல யாரு வீட்டுலயாவது பெரிய எலுமிச்ச மரம் இருந்தா ஒரு வார்த்த கேட்டுட்டு எலையோட கிள்ளி அங்க விட்டுடுங்க. மருந்து மட்டும் அடிச்சுடாதீங்க, நாளைக்கு நீங்கதான் அந்த எலைய ரசத்துல போடப்போறீங்க. கழுவிட்டு தாராளமா போடலாம்னு மாமியார்கிட்ட சொல்லுங்க, கேக்கலன்னா நான் என்ன பண்றது.

என் பேத்தி இதுல மூண பழைய மைலோ டின்னுல வச்சி வளத்தா. இடுப்ப சுத்தி நூல் கட்டிக்கிட்டு குச்சியில சாஞ்ச மாதிரி கூடாச்சு மூணும். ரெண்டுல பட்டாம்பூச்சி வந்துச்சு. மூணாவதுல ஓட்டை விழுந்து உள்ளேர்ந்து கடுகு சைசுல குட்டி குட்டி குளவியா கொட்டுச்சு, அன்னிக்கு பூரா அழுதுகிட்டே இருந்தா. குளவிக்கும் புள்ளைங்க இருக்கும்லன்னு சொல்லிப் பாத்தேன், சோறு திங்கல.

கேள்வி: அண்ணே, எஸ்டேட்ட விட்டு வெளிய வந்து கம்போங் ஓரமா வீடு கட்டி இருக்கேன், பின்னால மூணு தென்ன. பக்கத்து செம்பனை (பாமாயில் மரம்) காட்ட போன வருசம் ரீப்ளாண்டிங் பண்ணாங்க, மரத்த சாச்சு துண்டு போட்டு அங்கயே விட்டுட்டாங்க. இப்ப என் தென்னையில புது மட்ட விரிஞ்சா கத்திரிக்கோல் வச்சி வெட்டுன மாதிரி இருக்கு. நேத்து எருக்குப்பைய கெளறுனேன், கட்டவெரல் மொத்தத்துல வெள்ள புழு, சுருண்டு சுருண்டு முப்பதுக்கு மேல. இதுங்கதான் மரமேறி குருத்த திங்குதா?

பதில்: இந்த புழு மரமேறாது அண்ணே, அது குப்பைய விட்டு நகரவே நகராது. ஒண்ண எடுத்து திருப்பி பாருங்க, பழுப்பு தலைக்கு கீழ மூணு ஜோடி கால் தெரியும். அப்படி இருந்தா காண்டாமிருக வண்டோட புழு, மலாய்க்காரங்க கும்பாங் பாடாக்னு சொல்வாங்களே அது. புழு மக்குன மரம், எரு, மரத்தூளு இதத்தான் திங்கும், உங்க தென்னைய தொடாது. திங்கிறது வளந்த வண்டு. ராத்திரி பறந்து வந்து குருத்துக்குள்ள கொடஞ்சு போயி சாறு குடிக்கும், அப்ப உள்ள மடிஞ்சிருக்குற எளம் எலையெல்லாம் சேந்து வெட்டுப்படும், ரெண்டு மூணு மாசம் கழிச்சு அந்த மட்ட விரியும்போதுதான் முக்கோணம் முக்கோணமா வெட்டு தெரியும். அதாவது இன்னிக்கு நீங்க பாக்குற வெட்டு என்னிக்கோ விழுந்தது.

பக்கத்துல ரீப்ளாண்டிங்னு எழுதுனீங்க பாருங்க, அங்கதான் வெசயம். முந்தி மரத்த சாச்சு எரிச்சுடுவாங்க. இப்ப பொக ஆகாதுன்னு எரிக்கிறது இல்ல, சீவி போட்டு மக்க விடுறாங்க, மண்ணுக்கு நல்லதுதான், ஆனா மக்குற செம்பனை கட்டைய விட நல்ல பிரசவ ஆஸ்பத்திரி இந்த வண்டுக்கு கெடையாது. அங்க மக்கி முடிக்கிற வரைக்கும் உங்களுக்கு தொல்ல இருக்கும், அத நான் மறைக்கல. நம்ம கையில இருக்குறது நம்ம குப்பதான். குவியல சின்னதா வைங்க, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ மம்முட்டி போட்டு பொரட்டுங்க, புழு மாசக்கணக்குல புழுவாவே கெடக்கும், அதனால அது வண்டாகுறதுக்குள்ள புடிக்க நெறைய டைம் இருக்கு. புடிச்சத கோழிக்கு போடுங்க, சண்ட போட்டு திங்கும். ஆனா செத்து வெறச்சு மேல பச்ச பொடி பூத்த புழு கெடச்சா அத மட்டும் கோழிக்கு போடாம குப்பையிலயே திருப்பி பொதச்சுடுங்க. அது வண்டுக்கு வர்ற பூஞ்ச நோய், மத்த புழுவுக்கும் ஒட்டிக்கும், எஸ்டேட்டுல காசு குடுத்து வாங்கி போடுறத உங்களுக்கு சும்மா குடுத்திருக்கு.

மரத்துல பாளை இடுக்குல ஓட்டையும் சக்கை சக்கையா நாரும் வெளிய தள்ளியிருந்தா வண்டு உள்ளதான் இருக்கு, நுனிய வளச்ச கம்பிய விட்டு குத்தி இழுக்கணும், மரம் ஒசரமா இருந்தா இத நீங்க பண்ணாதீங்க, வயசு ஆச்சு. எஸ்டேட்டுல தொங்குமே வாளி மாதிரி ஒரு பொறி, உள்ள வாசன மருந்து பை, அத வாங்கி மாட்டலாமான்னு அடுத்து கேப்பீங்க. மாட்டலாம், தென்னைய விட்டு தள்ளி மாட்டுங்க. அந்த வாசனைக்கு ஆணும் பொண்ணும் சேந்து வரும், மூணு மரத்துக்கு நடுவுல கட்டுனா ஊர்ல உள்ள வண்டுக்கெல்லாம் பத்திரிக்க வச்ச கணக்காயிடும்.

இந்த வண்டுக்கும் நம்ம ரப்பருக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 1909ல இலங்கையிலேர்ந்து பசிபிக் கடல்ல இருக்குற சமோவா தீவுக்கு ரப்பர் கன்னு போச்சு, கன்னோட இந்த வண்டும் போயி எறங்கிடுச்சு, அங்க தென்னையத்தான் நம்பி பொழப்பு, தீவு தீவா அழிச்சுட்டு போச்சு. கடைசியில மருந்து கெடச்சது நம்ம மலாயாவுல. 1963ல ஹூகர்னு ஒரு ஜெர்மன்காரர் இங்க இந்த புழுவுக்கு வர்ற ஒரு வைரஸ கண்டுபுடிச்சாரு, அத சமோவாவுக்கு கொண்டு போயி விட்டப்புறம்தான் அங்க வண்டு கொறஞ்சுச்சு. நாம புழு குப்பையில நின்னு கோழிக்கு போட்டுகிட்டு இருக்கோம், அவரு அதுலயே ஒரு தீவு கூட்டத்த காப்பாத்திட்டாரு.

ஒண்ணு மட்டும் கவனம். குப்பையில இல்லாம, உசுரோட இருக்குற தென்னத் தண்டுக்குள்ளயே புழு இருந்து, அதுக்கு காலே இல்லன்னா அது வேற கத. அது செவப்பு கூன்வண்டு, அங்க புழுதான் எமன், உள்ளயே தின்னு தின்னு மரத்த கூடாக்கிடும், நடுகுருத்து சாயுறப்பதான் வெளிய தெரியும், அப்ப வேல முடிஞ்சிருக்கும். 2007ல திரங்கானுல மொதல்ல தென்னையில பெரிய பிரச்சனையா பாத்தாங்க. அது கண்டா கம்பி, கோழின்னு வெளையாடாம விவசாய இலாகாவுக்கு போன் போடுங்க. (அதே ஜாதி புழுவத்தான் சரவாக்குல சகோ மரத்துலேர்ந்து எடுத்து வறுத்து திம்பாங்க, உலாட் முலோங். உங்க குப்பையில இருக்குறது அது இல்ல, ஆசப்படாதீங்க.)

கேள்வி: சமையல் கழிவு போடுற டோங்ல தட்டையா பழுப்பு கலர்ல புழு கூட்டமா நெளியுது. கால் இல்ல, தலை ஊசி மாதிரி. கொஞ்சம் கறுப்பாகி செவுத்துல ஏறி ஓடுது. வீட்டுக்காரரு மண்ணெண்ணெ ஊத்தப் போறேங்கிறாரு.

பதில்: நிறுத்துங்க அக்கா, நிறுத்துங்க. கறுப்பு சிப்பாய் ஈன்னு பேரு, உங்க குப்பைய சும்மாவே எருவாக்கிக்கிட்டு இருக்கு. வளந்த ஈ பாக்க குளவி மாதிரி இருக்கும், ஆனா கொட்ட கொடுக்கு இல்ல, கடிக்கவும் கடிக்காது, சோத்து மேல வந்து ஒக்காரவும் ஒக்காராது. கறுப்பாகி ஏறி ஓடுறது கூடாக எடம் தேடுது, அந்த நேரத்துல கீழ ஒரு வாளி வச்சா தானா விழும், கோழிக்கும் மீனுக்கும் அத விட்டா தீனி இல்ல. நாத்தம் அடிக்குதுன்னா டோங்ல தண்ணி கட்டியிருக்கு, காஞ்ச எலை போடுங்க.

கேள்வி: தாத்தா, நான் தமிழ்ப்பள்ளியில 5ஆம் ஆண்டு படிக்கிறேன். எங்க பள்ளி தோட்டத்துல பயத்தங்கா கொடியில கறுப்பா குட்டி முதலை மாதிரி ஒண்ணு இருந்துச்சு, முதுகுல ஆரஞ்சு புள்ளி, ஆறு கால். செடி பூரா கறுப்பு பேனு. முதலைதான் செடிய கெடுக்குதுன்னு சொல்லி நாங்க பத்து முதலைய நசுக்கிட்டோம். சரியா தாத்தா?

பதில்: பேராண்டி, கால எண்ணி எழுதுன ஒரே ஆளு இந்த மாசம் நீதான், அதுக்கு மொதல்ல ஒரு சபாஷ். ஆனா நீங்க நசுக்குனது போலீஸ்காரன, திருடன் இன்னும் கொடியிலதான் இருக்கான். அந்த கறுப்பு பேனுக்கு அசுவினின்னு பேரு, கொடியோட சாற உறிஞ்சுறது அதுதான். முதலை, பொறிவண்டோட குட்டி, செவப்பா புள்ளி போட்டு உருண்டையா இருக்குமே அந்த வண்டு. ஒரு குட்டி வளந்து வண்டாகுறதுக்குள்ள நூத்துக்கணக்குல அசுவினிய தின்னுடும். பத்து போனா போகுது, மிச்சம் இருக்குறத விட்டுடுங்க, அசுவினிய தண்ணி பைப்ப வச்சி பீச்சி அடிங்க.

ஆனா பொறிவண்டு குடும்பத்துல ஒரு கெட்ட பையனும் இருக்கான். கத்திரி செடியில மஞ்ச கலர்ல ஒடம்பு பூரா முள்ளு முள்ளா ஒரு புழு இருந்து, எலைய சொரண்டி வல மாதிரி ஆக்கியிருந்தா அவன்தான், அவன நசுக்கலாம். செம்பருத்தியில வெள்ள பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி இருக்கும், அதுக்கு நடுவுல கொஞ்சம் பெருசா அதே மாதிரி பஞ்ச போத்திக்கிட்டு ஆனா சுறுசுறுப்பா ஓடுறது ஒண்ணு இருந்தா அதுவும் பொறிவண்டு குட்டிதான், மாவுப்பூச்சி வேசத்துல வந்து மாவுப்பூச்சியவே திங்கும். ஓடுதா ஒக்காந்திருக்கான்னு பாரு, ஓடுனா விட்டுடு. டீச்சர்கிட்ட இத காட்டு.

கேள்வி: வாழ எலை ஓரத்துலேர்ந்து சுருட்டு மாதிரி சுத்திக்குது. பிரிச்சா உள்ள வெள்ள பவுடர் பூசுன புழு. வெள்ளிக்கெழம படையலுக்கு ஒரு முழு எலை கெடைக்க மாட்டேங்குது.

பதில்: வாழ எலை சுருட்டுப்புழுதான். பவுடர் அதுவே ஒடம்புலேர்ந்து விடுற மெழுகு, மழத்தண்ணி ஒட்டாம இருக்க. இது சாயங்காலம் பறக்குற ஒரு பழுப்பு பட்டாம்பூச்சியோடது, கண்ணு செவப்பா இருக்கும். மருந்து அந்த சுருளுக்குள்ள போகவே போகாது, காச செலவு பண்ணாதீங்க. சுருள பிச்சு மிதிங்க, இல்ல கோழிக்கு. பழத்துக்கு ஒண்ணும் ஆகாது.

கேள்வி: ஐயா, எங்க ஆயா புல்லு புடுங்குறப்ப கை பட்டு துடிச்சு போயிட்டாங்க, நெருப்பு வச்ச மாதிரி இருக்குன்னு அழுதாங்க. தேடி பாத்தா பச்சையா ஊதா கோடு போட்டு, ஓரம் பூரா முள்ளு வச்ச ஒரு புழு. கால் இருக்குற மாதிரியே தெரியல. சுண்ணாம்பு தடவுனோம்.

பதில்: இதான் நான் சொன்ன அடங்காத ஆளு. கால் இருக்கு, ஆனா அடியில ஒட்டிப்போயி தெரியாது, நத்த மாதிரி வழுக்கிகிட்டு போகும் (மலாய்ல சிப்புட்னாலே நத்ததான், ஊருக்கு ஏத்த புழு). மலாய்ல உலாட் ஆப்பி, நெருப்பு புழு. செம்பனை, தென்ன எலைதான் அதுக்கு இஷ்டம். முள்ளுல விஷம் இருக்கு, குத்துனா ஒடஞ்சு தோலுக்குள்ளயே நிக்கும். அதனால தேய்க்கக்கூடாது, சுண்ணாம்பு தடவுறேன்னு தேச்சதுல இன்னும் உள்ள ஏத்தியிருப்பீங்க. அடுத்த தடவ செலோடேப்ப ஒட்டி ஒட்டி இழுங்க, முள்ளு வந்துடும், அப்புறம் சோப்பு தண்ணி, துணியில சுத்துன ஐஸ். கண்ணுல பட்டுடுச்சு, மூச்சு எறைக்குது, மொகம் வீங்குதுன்னா வீட்டு வைத்தியம் எதுவும் வேணாம், நேரா ஆஸ்பத்திரி. ஆயாவுக்கு கையொற வாங்கி குடுங்க, போட மாட்டாங்க, இருந்தாலும் வாங்கி குடுங்க.

கேள்வி: காஞ்ச எலையையும் குச்சியையும் மூட்ட கட்டுன மாதிரி ஒண்ணு வீட்டு அலங்கார பனையில தொங்குது, நேத்து ஒரு கெளையில இன்னிக்கு வேற கெளையில. உள்ள என்ன?

பதில்: இத படிச்சதும் எனக்கு பழைய வேல ஞாபகம் வந்துடுச்சு. உலாட் புங்குஸ், நாங்க கூட்டுப்புழும்போம். எலத்துண்ட பட்டு நூல்ல கோத்து பை செஞ்சு உள்ளயே வாழும், தலையையும் ஆறு காலையும் மட்டும் வெளிய நீட்டி வீட்டோட நடக்கும். ஆண் ரெக்க மொளச்சு பறந்து போயிடும். பொண்ணுக்கு ரெக்கையே கெடையாது, கலியாணம் புள்ளப்பேறு சாவு எல்லாம் அந்த பைக்குள்ளயே, முட்டையையும் பைக்குள்ளயே விட்டுட்டு செத்துடும். அப்புறம் குட்டியெல்லாம் நூல் விட்டு காத்துல பறந்து அடுத்த மரத்துக்கு போகும். செம்பனைக்கு இத விட பெரிய எலைதின்னி இல்ல. நாங்க மட்டைய வெட்டி கீழ போட்டு ஒரு மட்டைக்கு எத்தனன்னு எண்ணுவோம், உசுரோட இருக்கா செத்துருக்கான்னு ஒவ்வொரு பையா பிச்சு பாக்கணும், ஒரு நாளைக்கு எத்தன பை பிச்சிருப்பேன், ராத்திரி கண்ண மூடுனா பைதான் தொங்கும். 2013ல அரசாங்கம் சட்டப்படியே இத ஆபத்தான பூச்சின்னு அறிவிச்சிடுச்சு, செம்பனை வச்சிருக்குறவங்க கண்டும் காணாம விட முடியாது.

வேடிக்க என்னன்னா இந்த புழு இவ்ளோ பெருகுனதுல மருந்துக்கும் பங்கு உண்டு. 1950கள்லயும் 60கள்லயும் எஸ்டேட்டுகள்ல டிடிடி மாதிரி மருந்த கண்ண மூடிகிட்டு அடிச்சாங்க, புழு பைக்குள்ள பத்திரமா இருந்துச்சு, அத தின்னுகிட்டு இருந்த குட்டி குளவியெல்லாம் செத்துச்சு, அடுத்த தலமொற புழுவுக்கு தட்டி கேக்க ஆளே இல்ல. இப்ப எஸ்டேட் ரோட்டோரம் வெள்ளையும் மஞ்சளுமா துர்னேரா பூ, கொடி ரோஸ் எல்லாம் வரிசையா நட்டிருக்காங்களே, மேனேஜருக்கு அழகு புடிக்கும்னு நெனச்சீங்களா, அந்த குளவிக்கு தேன் குடுக்கத்தான். உங்க வீட்டுல பத்து இருபதுதான் இருக்கும், கையால பிச்சு சோப்பு தண்ணியில போடுங்க. கீழ மட்டும் போட்டுடாதீங்க, உள்ள முட்ட இருந்தா அங்கேர்ந்து பொரிக்கும்.

கேள்வி: பூச்சட்டிக்கு கீழ தட்டுல தண்ணி, அதுல குட்டியா கறுப்பா நெளிஞ்சு நெளிஞ்சு மேல வருது. செடிக்கு கெடுதலா?

பதில்: செடிக்கு இல்ல, உங்களுக்கு. ஜெந்திக் ஜெந்திக், கொசுப்புழு. பின்பக்கத்து குழாய தண்ணி மேல ஒட்டி தலைகீழா தொங்குனா ஏடிஸா இருக்கலாம், டிங்கி காய்ச்சல பரப்புற கொசு. இதுல மட்டும் எனக்கு எரக்கம் கெடையாது. முட்டையிலேர்ந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும், அதனால வாரம் ஒரு தடவயாவது கொட்டணும், கொட்டுனா மட்டும் பத்தாது, தட்டோட ஓரத்த தேச்சு கழுவணும், ஏன்னா முட்ட தண்ணியில இல்ல, ஓரத்துல ஒட்டியிருக்கும், காஞ்சாலும் மாசக்கணக்குல தாங்கும், மறுபடி தண்ணி பட்டா பொரிக்கும். சுகாதார இலாகா ஆளுங்க வந்து பாத்தா 1975 சட்டப்படி கம்பவுண்டு, அதாவது அபராதம் போடுவாங்க, அப்ப எனக்கு போன் பண்ணாதீங்க. தட்டே வேணாம், தூக்கி எறிங்க.

கேள்வி: தம்பி, எனக்கு எழுபது தாண்டிடுச்சு. பின்னால ரெண்டு செம்பனை நிக்குது. கீழ விழுந்த காஞ்ச ஆண் பூவ பேத்தி பிச்சு பாத்தா, உள்ள அரிசி நுனியளவுல வெள்ள வெள்ளயா புழு. பூவுல நோவு வந்துடுச்சா, மருந்து அடிக்கணுமா?

பதில்: வேணாம்மா, தொடவே தொடாதீங்க. இந்த நாட்டு செம்பனை காய்க்கிறதே இந்த புழுவாலதான். கமரூன் கூன்வண்டு, 1981ல ஆப்பிரிக்காவுலேர்ந்து கொண்டாந்து இங்க விட்டாங்க. புழு தீந்துபோன ஆண் பூவத்தான் திங்கும், எப்படியும் மக்கப்போற பூ. வண்டு ஆண் பூவுல மகரந்தப் பொடிய பூசிக்கிட்டு திரியும், பொண்ணு பூ விரிஞ்சா அதுவும் ஆண் பூவோட அதே சோம்பு வாசம் அடிக்கும், இங்கயும் சாப்பாடு இருக்குன்னு ஏமாந்து போயி ஒக்காரும், பொடி ஒட்டிக்கும், காய் புடிக்கும். சோம்பு வாசம் நெசமாவே அடிக்கும், காலையில வெயில் ஏறுனதும் மரத்துகிட்ட போயி நின்னு பாருங்க.

உங்க வயசுக்கு உங்களுக்கே ஞாபகம் இருக்கணும், அதுக்கு முந்தி இந்த வேலைய யாரு பாத்தான்னு. பொம்பளைங்கதான். எங்க அம்மா பாத்துச்சு. ஆண் பூவ ஒதறி பொடிய எடுத்து, பவுடரோட கலந்து, மரம் மரமா போயி பாளைய விலக்கி பொண்ணு பூவுக்கு ஊதி விடணும். முள்ளு கைய கிழிக்கும். வீட்டுக்கு வர்றப்ப எங்க அம்மா சீலையில பூசுன பவுடர் வாசமும் சோம்பு வாசமும் சேந்து அடிக்கும், நான் அதத்தான் அம்மா வாசம்னு நெனச்சுகிட்டு இருந்தேன். வண்டு வந்து கொஞ்ச நாள்ல எங்க எஸ்டேட்டுல அந்த வேலைய நிறுத்திட்டாங்க, அம்மாவ உரம் போட மாத்துனாங்க. சம்பளம் அதேதான், தூக்குற மூட்டதான் கனம். "ஒரு பூச்சி வந்து என் வேலைய புடுங்கிடுச்சுடா"ன்னு சிரிச்சுகிட்டே சொல்லும். பேத்திகிட்ட அந்த பூவ மரத்தடியிலயே போட்டுட சொல்லுங்கம்மா.

இப்ப செலோடேப் அண்ணன். "வெத்தல கொடிக்கு கீழ கெடந்துச்சு, மூணு இஞ்சி, பச்சையும் மஞ்சளுமா, சொரசொரன்னு, உயிர் இருக்கான்னு தெரியல, வெத்தல போடுற எங்க அம்மா பயப்படுறாங்க"ன்னு எழுதியிருந்தீங்க. டேப்ப பிரிச்சு கண்ணாடி போட்டு நல்லா பாத்தேன். முன்கால் இல்ல, சதைக்கால் இல்ல, தலை இல்ல, ஈப்புழுவுக்கு இருக்குற வாய் கொக்கி கூட இல்ல. ஒரு பக்கம் மட்டும் காம்பு இருந்துச்சு. அது வெத்தல கொடியோட பூ அண்ணே. அம்மாவ தைரியமா வெத்தல போட சொல்லுங்க.